கடலை என்னவென்று கூப்பிடுவது

பெரியபட்டினம்
5 மார்ச் 2025

திரு. பூ. அருள்முருகன் அவர்களுக்கு,

நோன்பு வைத்துக்கொண்டு யாரையும் ஏசக் கூடாது என்பதால், இதை நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, பாத்திரமும் கழுவிவிட்டு எழுதுகிறேன். இனி ஏசலாம்.

இதுவரை உங்களை ‘நீ’ என்றுதான் சொல்லி வந்தேன். இந்தக் கடிதம் முதல் ‘நீங்கள்’. மரியாதை கூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். என் இ-சேவை மையத்துக்கு வரும் முன்பின் தெரியாதவர்களையும் நான் நீங்கள் என்றுதான் சொல்கிறேன். ஃபோனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். தபால்காரரைத் தடுக்க வழி தெரியவில்லை. ஆகவே பதில் எழுத நினைத்தால் தபாலில் எழுதலாம்.

நம் கணினி விளையாட்டின் முன்னோட்டப் படத்தை நேற்று பார்த்தேன். நீங்கள் அனுப்பவில்லை. சவூதியில் தம்மாமில் இருக்கும் என் தம்பி அஃப்ரித் அனுப்பினான். “லாத்தா, நம்ம கேம் வந்துருச்சு, பாத்தியா?” என்று குரல் பதிவு வேறு. நான் பார்த்தேன். அது நம்முடையது அல்ல.

பிற்காலத்தில் நீதிமன்றம் கேட்டால் உதவும் என்பதற்காக, நம்முடையது எது என்று ஒரு தடவை எழுதி வைக்கிறேன். கடலோர மணல்திட்டில் ஒரு மந்திரப் பள்ளிக்கூடம். அதில் ஒரே மாணவன், பெயர் நண்டு. மற்ற எல்லோரும் கண்காணிப்பாளர்கள். மற்ற விளையாட்டுகளில் மந்திரம் கற்பதற்குக் கோலும் குப்பாயமும் வேண்டும். நம்முடையதில் ஒன்றும் வேண்டாம். எதையும் சரியான முறை சொல்லிக் கூப்பிட்டால் அது வேலை செய்யும். அவ்வளவுதான் மந்திரம். கைப்பம்பைப் பெரியம்மா என்று கூப்பிட்டால் நல்ல தண்ணீர் வரும். ‘ஏ பம்பு’ என்றால் அந்த அத்தியாயம் முடியும்வரை உப்புத் தண்ணீர்தான். பனைமரம் தாத்தா என்றால் குனியும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தாய்மாமன். பத்திரிகையும் பாக்கும் வைத்து அழைக்காவிட்டால் வீசாது, அழைத்தாலும் பத்திரிகையில் தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வீசும். கடைசியில் நண்டு கடலைக் கூப்பிட வேண்டும். கடல் வழிவிட்டால் அவன் மந்திரவாதி. இதை எழுதி வரைந்தது நான். ஓட வைத்தது நீங்கள்.

முன்னோட்டத்தில் நண்டு கைப்பம்பைப் பார்த்து “நண்பா” என்கிறான். பனைமரமும் நண்பா. கச்சான் காற்றும் நண்பா. கேட்டவுடன் எல்லாம் வேலை செய்கின்றன. கைப்பம்பு நண்பன் என்றால் அது எதற்காகத் தண்ணீர் தர வேண்டும்? நண்பர்கள் காரணம் சொல்வார்கள். பெரியம்மாதான் தண்ணீர் தருவார்.

நான் நாள் முழுக்க வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டுக் கொடுப்பவள். இறந்தவருக்கு உறவு என்ன என்ற கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெளியீட்டாளர் ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். என் கையெழுத்து இல்லை.

யும்னா

*

கடலாடி
10 மார்ச் 2025

மதிப்பிற்குரிய பங்குதாரர் யும்னா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடலாடியிலிருந்து பெரியபட்டினத்துக்கு நான் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வந்துவிடுவேன். கடிதம் எந்தெந்த ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறதோ தெரியவில்லை. முத்திரைகளைப் பார்த்தால் என்னைவிட அதிகம் பயணம் செய்திருக்கிறது.

‘நண்பா’ என் யோசனை அல்ல. வெளியீட்டாளர் அம்மையாரின் யோசனை. பனி பெய்யும் ஊரில் இருந்துகொண்டு நம் விளையாட்டை வெளியிட முன்வந்த ஒரே ஆள் அவர்தான் என்பதை நினைவூட்டுகிறேன். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் அவர் மொழியில் ஒரே ஆள். அத்தையும் சித்தியும் இன்னொரு ஆள். இவ்வளவு கொஞ்சப் பேரை வைத்துக்கொண்டு அவர்கள் கல்யாணப் பந்தியை எப்படி நிரப்புகிறார்கள் என்று எனக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் ஒருவர் கைப்பம்பை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முதல் அத்தியாயத்திலேயே உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அவர் இரண்டாவது அத்தியாயத்துக்கு வர மாட்டார்.

மே பதினைந்துக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் விளையாட்டு வெளிவராது. நாம் இருவரும் நான்கு வருடம் செய்த வேலை என் மடிக்கணினியில் அப்படியே இருக்கும். நீங்கள் ஒரு சொல்லுக்காக நிற்கிறீர்கள். நான் விளையாட்டுக்காக நிற்கிறேன். இதில் யார் பக்கம் நியாயம் என்பதை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். “ஏலே, அந்தப் புள்ள வருசா வருசம் நோன்புக் கஞ்சிக்குக் கூப்பிடும். இந்த வருசம் நீ ஏன் வீட்டுலயே கெடக்க?” என்றாள். இது பதில் ஆகாது என்பதால் இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

‘நண்பா’ வைத்ததற்கு இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அது உங்களுக்குத் தேவையில்லை.

பூ. அருள்முருகன்

*

பெரியபட்டினம்
17 மார்ச் 2025

திரு. அருள்முருகன் அவர்களுக்கு,

எனக்குத் தேவையில்லாத காரணத்தை நானே போய்ப் பார்த்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்னால் நீங்கள் பென்டிரைவில் கொடுத்த பழைய பதிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் கடைசி அத்தியாயம் இன்னும் முடியவில்லை, திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். சொன்னபடி கேட்டேன், இப்போது நாம் பேசிக்கொள்ளாததால் திறந்தேன்.

நண்டு படகில் ஏறுகிறான். படகை மச்சான் என்று கூப்பிடுகிறான், படகு கிளம்புகிறது. நடுக்கடலில் நிற்கிறது. நண்டு கடலைப் பார்த்து, நான் எழுதியபடி அக்கா முறை சொல்லி “லாத்தா” என்கிறான். ஒன்றும் இல்லை. மறுபடியும் “லாத்தா”. அலை பாதி எழுந்த நிலையில் நிற்கிறது. மேலே பறந்துகொண்டிருந்த கடற்காகமும் நிற்கிறது. அம்மா, அத்தை, மதினி, சித்தி என்று பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மரியாதைக் குறைவாகவும் ஒன்று சொன்னேன். அதற்கும் கடல் அசையவில்லை. என் மடிக்கணினியில் மின்விசிறி மட்டும் கச்சான் காற்று போலச் சுற்றியது.

ஆக, வெளிநாட்டு மக்களுக்குப் புரியாது என்பதெல்லாம் இரண்டாவது காரணம். கடல் உங்களுக்குக் கீழ்ப்படியவில்லை என்பது முதல் காரணம். கடல் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக ஊரில் உள்ள எல்லோருடைய முறையையும் அழித்திருக்கிறீர்கள். ஒரு வீட்டில் பூட்டு திறக்கவில்லை என்றால் தெருவையே இடிக்கும் திட்டம் இது. அரசாங்கத்தில் உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

காரணத்தை எழுத்தில் கேட்கிறேன்.

யும்னா

*

கடலாடி
24 மார்ச் 2025

யும்னா அவர்களுக்கு,

எழுத்தில் தருகிறேன்.

நம் விளையாட்டில் முந்நூற்றுச் சொச்சம் பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நண்டு என்ன முறை என்று கையால் எழுதி முடியாது. அதனால் சிலவற்றை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். மீதியை விளையாட்டே கணக்குப் போட்டுக்கொள்ளும். காற்று தாய்மாமன் என்றால் காற்றின் மனைவி அத்தை, அவர்கள் மகள் மதினி. கணக்கு ஒருபோதும் தவறாது. கல்யாண வீட்டில் நம் ஆட்கள் நின்றபடியே போடும் கணக்குதான் இது.

படகு மச்சான் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். கடல் லாத்தா என்று உங்கள் கதையில் இருந்தது, அதையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது அத்தியாயத்தில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடலும் படகும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மிக அழகான பக்கம். ஆனால் மச்சானின் உடன்பிறந்தவள் எப்படி அக்கா ஆவாள்? மச்சானின் அக்கா மதினி. அக்காவின் தம்பி தம்பி. விளையாட்டு இரண்டு பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்து, முறை தப்பிப் போகிறது என்று கண்டு, வாயை மூடிக்கொண்டது. நம் ஆட்களைவிட அதற்கு மானம் அதிகம்.

தவறு யாருடையது என்று யோசித்தேன். படகை மச்சான் என்று ஏன் போட்டேன்? எனக்கு மச்சான் என்றால் அஃப்ரித். கல்லூரியில் முதல் நாளிலிருந்து அவன் மச்சான்தான். கடலை லாத்தா என்று நீங்கள் ஏன் எழுதினீர்கள்? அஃப்ரித்தும் நானும் உங்களை அப்படிக் கூப்பிடுவதால். அதாவது இந்தத் தவறு உங்கள் வீட்டு வாசலில் வருடக்கணக்காக நடந்துகொண்டிருக்கிறது. அவனை மச்சான் என்றும் அவன் அக்காவை லாத்தா என்றும் நான் கூப்பிட்டபோது உங்கள் வீட்டில் ஒருவரும் உறைந்து நிற்கவில்லை. கணினிதான் கண்டுபிடித்தது.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, படகைத் தம்பியாக்குவது. மற்றது, கடலை மதினியாக்குவது. எதற்கும் தயார்.

ஏப்ரல் இருபது, ஞாயிறு, தங்கை கவிப்ரியாவின் மகனுக்குக் கடலாடியில் காதுகுத்து. பத்திரிகை இத்துடன் இருக்கிறது. உங்கள் உம்மாவை நேரில் வந்து அழைக்க வேண்டும் என்று அய்யா சொன்னார். நம் நிலைமையைச் சொல்லி, தபால் போதும் என்றேன். “தபால்ல வர்ற பத்திரிகைக்கு எவன்டா வருவான்?” என்றார். அவரும் ஒரு கச்சான் காற்று.

அருள்முருகன்

*

பெரியபட்டினம்
1 ஏப்ரல் 2025

அருள்முருகன் அவர்களுக்கு,

பெருநாள் முடிந்தது. பிரியாணி மிஞ்சியது. அவ்வளவு மிஞ்சியதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று உம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்.

இரண்டு வழிகளுக்கும் பதில்:

படகைத் தம்பியாக்க முடியாது. அஃப்ரித்திடம் ஃபோனில் கேட்டேன். “நான் அவனுக்கு மச்சான்தான். கேம்முக்காக எல்லாம் மாற முடியாது. இங்கன ரூம்ல இருக்குற பத்துப் பேருகிட்டயும் அவன் என் மச்சான்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றான்.

கடலை மதினியாக்கவும் முடியாது. ஏன் என்று கேட்டு எழுத வேண்டாம்.

உம்மா காதுகுத்துக்கு வருவார். என்னால் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறது.

யும்னா

*

கடலாடி
21 ஏப்ரல் 2025

யும்னா அவர்களுக்கு,

நேற்று உங்கள் வேலை எங்கள் மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்ததைப் பார்த்தேன்.

எழுந்து வந்திருப்பேன். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பயல் என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மொட்டைத்தலையில் பூசிய சந்தனம் முழுவதும் என் நெஞ்சில். அந்த நிலையில் ஒருவன் மேடையிலிருந்து இறங்கி, ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச முடியாது. மாலை போட்ட கழுத்தைத் திருப்பி உங்களைப் பார்த்ததற்கே படம் எடுப்பவர், “அண்ணே, இங்க பாருங்க” என்று மைக்கில் சொன்னார்.

காது குத்தி முடித்து வந்து பார்த்தால் நீங்கள் இல்லை. சாப்பிடாமல் போய்விட்டீர்கள் என்று நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். “நல்லாத்தான் சாப்பிட்டுச்சு, ரெண்டாந்தடவ ரசம் கேட்டு வாங்குச்சு” என்றாள் அம்மா. எனவே அந்தக் கோபத்தை வாபஸ் வாங்குகிறேன்.

பந்தியில் நீங்கள் சேதுபதி மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ துருவித் துருவிக் கேட்டதாகச் சொன்னார்கள். அவர் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறார். என்ன கேட்டீர்கள்?

வெளியீட்டாளரிடமிருந்து மறுபடியும் மின்னஞ்சல் வந்தது. பணிவாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

அருள்முருகன்

*

பெரியபட்டினம்
25 ஏப்ரல் 2025

தம்பி,

நீ எழுதியதற்கு முதலில் பதில். சேதுபதி மாமாவிடம் நான் தொழில்முறையில் ஒரு கேள்வி கேட்டேன். ஒருவரைப் பார்த்தால் யாருக்கு என்ன முறை என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது; என் மையத்தில் உட்கார்ந்து பார், உனக்கும் அந்த வியாதி வரும்.

உன் அய்யாவைக் காட்டி, “பூமிநாதன் அய்யா ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றேன்.

“எந்த வழியில?” என்றார்.

“எத்தன வழி இருக்கு?”

“அவன் தங்கச்சியக் கட்டுன வழியில எனக்கு மச்சான். அவன் பொண்டாட்டி ராமலெட்சுமி எனக்கு அண்ணன் மக. அந்த வழியில பாத்தா மருமகன்.”

“அப்ப எப்படிக் கூப்பிடுவீங்க?”

“மச்சான்னுதான்.”

“மருமகன் வழி என்னாச்சு?”

“ஏம்மா, சோறு போடுற எடத்துல கேக்குற கேள்வியா இது? மொதல்ல அவன் என்னய மச்சான்னு கூப்பிட்டான். கூப்பிட்டுட்டான்ல? அதோட முடிஞ்சு போச்சு. நீ அந்த அப்பளத்தத் திங்கப் போறியா இல்லயா?”

அப்பளத்தைக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவர்மேல் எரிச்சலாக இருந்தது. திருப்புல்லாணி விலக்கில் பஸ் நின்றபோதுதான் எனக்கு வேறொன்று நினைவு வந்தது.

உன்னை அஃப்ரித் முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த நாள். மழை. அதற்கு முன்பே அவன் உனக்கு மச்சான் ஆகியிருந்தான். நீ வாசலில் நின்றாய். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கணக்குப்படி அப்போதே நீ உறைந்துதான் போயிருந்தாய். அலை பாதி எழுந்த மாதிரி. நான், “தம்பி, செருப்ப உள்ள வை, நாய் தூக்கிட்டுப் போயிரும்” என்றேன். நீ, “சரி லாத்தா” என்றாய். அதோடு முடிந்துவிட்டது. அன்றைக்குக் கணக்குச் சரியாக இருந்தது என்றா நினைக்கிறாய்? கூப்பிட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

உன் கணக்கில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. நாமும் நான்கு வருடமாக நண்டு கடலை என்னவென்று கூப்பிட வேண்டும் என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். அவன் கூப்பிட வேண்டாம். கடல் மூத்தது. அது கூப்பிடட்டும்.

கடைசி அத்தியாயத்தை மாற்றியிருக்கிறேன். படகு மச்சானாகவே இருக்கட்டும். கடலும் படகும் ஒரு தாய் பிள்ளைகளாகவே இருக்கட்டும். நடுக்கடலில் நண்டு தெரிந்த முறையெல்லாம் சொல்லிப் பார்ப்பான். எதற்கும் கடல் அசையக் கூடாது. இப்போதே அது அப்படித்தான் இருக்கிறது. நீ செய்த பிழையில் இது ஒன்றுதான் அப்படியே பயன்படுகிறது. கடற்காகம் மட்டும் பறக்கட்டும், இல்லாவிட்டால் கணினி நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். விளையாடுகிறவர் பொத்தானிலிருந்து கையை எடுத்து, கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், அப்போது கடல் கூப்பிட வேண்டும்:

“தம்பி, செருப்ப மேல வை. அலை தூக்கிட்டுப் போயிரும்.”

அதன் பிறகு நண்டு என்ன சொல்வான் என்று உனக்குத் தெரியும். அலை விலகுவதை எட்டுப் படங்களாக வரைந்து, உன் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆமாம், எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கடிதத்தைக் கடிதத்தில்தான் முடிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்கள், அதற்குள் அணைத்துவிட்டுப் போய்விடுவார்களே என்று நீ கேட்பாய். மந்திரம் கற்க வந்தவன் ஒரு தடவையாவது வாயை மூட வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

இதோடு அந்த அம்மையாருக்கு அனுப்பு. பெரியம்மா, தாத்தா, தாய்மாமன் எல்லோரும் அவரவர் இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டால் கையெழுத்துப் போடுகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் விளையாட்டு உன் மடிக்கணினியில் இருக்கட்டும். நண்பா என்று கூப்பிட்டு உலகம் முழுக்க ஓடுவதைவிட, பெரியம்மா என்று கூப்பிட்டு ஒரு வீட்டில் ஓடினால் எனக்குப் போதும்.

யும்னா

*

கடலாடி
9 மே 2025

லாத்தா,

படங்கள் கிடைத்த அன்றே உட்கார்ந்தேன். ஐந்தாவது படத்தில் அலையின் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு மிதக்கிறது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

எல்லோரையும் அவரவர் இடத்தில் வைத்துவிட்டேன். ‘நண்பா’வைத் தேடித் தேடி அழித்தேன். ஒரே ஒரு இடத்தில் விட்டிருக்கிறேன்: பள்ளிக்கூடத்து ஆடு. அதை எப்படிக் கூப்பிட்டாலும் ஒரு வேலையும் செய்யாது. அதற்கு அந்தச் சொல் பொருத்தம்.

போன வெள்ளிக்கிழமை வெளியீட்டாளருக்கு அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் முதல் பாதி முழுவதும் புகார். தமிழில் சொன்னால் இப்படி: ‘உங்கள் கடைசி அத்தியாயம் வேலை செய்யவில்லை. கொடுத்திருந்த எல்லாச் சொற்களையும் கடலிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைப் போன்ற ஒரு பிழையை யாரும் எனக்கு அனுப்பத் துணிந்ததில்லை. வருத்தத்துடன் இந்த ஒப்பந்தத்தை’

வாக்கியம் அங்கேயே நிற்கிறது. கீழே ஒரு வரி இடைவெளி. பிறகு: ‘மன்னிக்கவும். இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து கடல் என்னைக் கூப்பிட்டது.’

புகார் எழுதுவதற்காக அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்திருக்கிறார். கோபத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் எழுதுவாரோ அவ்வளவு நேரம் கடல் காத்திருந்திருக்கிறது. இதை நாம் திட்டமிட்டதாகவே சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டாம் என்கிறார். அவர் மொழிப் பதிப்பிலும் ‘தம்பி’ அப்படியே ‘தம்பி’யாக இருக்க வேண்டுமாம். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று விளையாடுகிறவர்களே உப்புத் தண்ணீர் குடித்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று எழுதியிருக்கிறார். அவரும் இரண்டு நாள் குடித்தாராம்.

ஒரு சிக்கல் உண்டு. அவருக்கு அறுபத்தைந்து வயது. பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மின்னஞ்சலின் அடியில், பெயர் போட வேண்டிய இடத்தில், ‘தம்பி’ என்று போட்டிருக்கிறார். ஒப்பந்தத்திலும் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் அப்படியே இருக்கிறது. நான் பதிலில் என்னவென்று கூப்பிடுவது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணினி மறுபடியும் உறைந்தது. ஆனால் கடல் அவரை முந்திக் கூப்பிட்டுவிட்டது. இனி நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் எனக்குத் தம்பி.

ஒப்பந்தத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உங்களுடையதை வாங்க ஞாயிற்றுக்கிழமை நேரில் வாரேன். மிஞ்சிய பிரியாணி மிஞ்சியிருக்காது என்று தெரியும்; உம்மாவிடம் புதிதாகச் சொல்லிவையுங்கள்.

இந்தத் தபால் போகும் வேகத்துக்கு, இது உங்கள் கையில் கிடைப்பதற்குள் நான் வந்து போயிருப்பேன். வாசலில் நீங்கள் முதலில் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் செருப்பை நானே உள்ளே வைத்திருப்பேன்.

அருள்